குளிரும் கம்பளியும்

கஷ்டப்பட்ட காலத்தைப் பற்றிப் பேசுவதில் மனிதனுக்கு ஒரு தனி ருசி இருக்கிறது. படுகிற சமயத்தில் யாரும் அதை ருசிப்பதில்லை. அதற்கு இருபது வருஷமாவது போக வேண்டும். பட்டவன் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார வேண்டும். கையில் சூடாக ஒரு டம்ளர் காப்பி இருக்க வேண்டும். அந்தக் கஷ்டம் இன்னதென்றே அறியாத இளைஞன் ஒருவன் எதிரே அகப்பட வேண்டும். இத்தனையும் கூடிவிட்டால் பழைய பட்டினி விருந்தாகிவிடுகிறது. பழைய குளிர் பொன்னாடையாகிவிடுகிறது. "எங்கள் காலத்தில்..." என்று தொடங்கிவிடுகிறோம்.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. துன்பத்தைக் கதையாக மாற்றிக்கொள்ளும் சக்தி இல்லாவிட்டால் மனிதன் பாதி நாள்கூட வாழ முடியாது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் கதையோடு நிற்பதில்லை. "நாங்கள் தாங்கினோம், நீ ஏன் தாங்கக் கூடாது?" என்ற இடத்தில் போய்த்தான் நிற்கிறது. ஒருவன் ஒரு துன்பத்தைத் தாங்கிவிட்ட காரணத்தாலேயே, அதை இன்னொருவன் தலையில் தூக்கி வைக்கும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியைக் குளிரை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். மற்றத் துன்பங்களைவிட எனக்குக் குளிரோடு பழக்கம் அதிகம்.

தமிழ்நாட்டுக்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். மார்கழி மாதத்து விடியற்காலைக்கே மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறவர்கள் நாம். ஆனால் நமக்கும் நீலகிரி என்று ஒன்று இருக்கிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் பூமி வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனத்த காற்று, தண்ணீரைப் போலவே, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் உள்ள பங்களாவில் வெறும் குளிராக இருக்கிற அதே இரவில், கீழே பள்ளத்தில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்து கிடக்கிறது. தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடியலில் போய்ப் பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். உயரம் ஏற ஏறக் குளிர் அதிகம் என்று பூகோளப் புத்தகத்தில் படிக்கிறோம். உறைபனி இரவில் இது தலைகீழ். தாழ்ந்த இடத்துக்குத்தான் குளிர் அதிகம். இந்தச் சிறிய விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் அருமையாக இருந்தது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் உதகையில் தம் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். பிறகு சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடைக்கு மலை ஏறிற்று. சமவெளியில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு உதகையின் குளிர் சொந்த ஊரின் வாசனை. அவர்கள் மலைமேல் பள்ளிக்கூடங்களையும் வைத்தார்கள். தங்கள் தேசத்துப் பள்ளிகளின் நம்பிக்கை ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். குளிர்ந்த தண்ணீரும் திறந்த மைதானமும் பையன்களை மனிதர்களாக்கும் என்பது அந்த நம்பிக்கை. அவர்கள் போன பிறகும் அது மலையைவிட்டு இறங்கவில்லை.

1971-ல், பதினோராம் வயதில், தஞ்சாவூர் வெயிலிலிருந்து நேரே அப்படிப்பட்ட ஓர் உறைவிடப் பள்ளியில் நான் கொண்டுபோய் விடப்பட்டேன். பள்ளிக் கட்டடம் மேட்டில். விளையாட்டு மைதானம் பள்ளத்தில். காலை ஆறரைக்கு மணி அடிக்கும். அரை டிராயரும் பனியனுமாக இறங்க வேண்டும். ஸ்வெட்டர் கூடாது, இரண்டாம் மணி அடித்த பிறகுதான் அதைத் தொடலாம். புல்மேல் ஓடினால் காலடியில் உறைபனி நொறுங்கும். வாயைத் திறந்தால் புகை வரும். உறைந்த விரல்களுக்குள் ஹாக்கி மட்டை அதிரும்போது, வலி முழங்கை வரைக்கும் போகும். பந்து நம் பக்கம் வராத நேரத்தில் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்போம். டிரில் மாஸ்டர் பார்த்துவிட்டால் விசில் ஊதுவார். அவர் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் அணிந்துகொண்டு, மைதானத்தில் முதல் வெயில் விழுகிற ஒரே மூலையில் நிற்பார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர் எனக்கு நல்லதும் செய்தது. உடம்பு சொல்கிற முதல் 'முடியாது' கடைசி 'முடியாது' அல்ல என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவனோடு உண்டாகும் சிநேகம் எவ்வளவு கெட்டியானது என்பதும் அங்கே தெரிந்தது. சமையற்கட்டிலிருந்து வந்த ஆவி பறக்கும் கோதுமைக் கஞ்சியின் ருசியைப் பிற்பாடு எந்த ஹோட்டலிலும் நான் காணவில்லை. ஆகவே குளிருக்கு எதிராக வக்காலத்து வாங்கிக்கொண்டு நான் வரவில்லை.

சில வாரங்களில் ஹாக்கியைக் கணக்கு வாத்தியார் பார்த்துக்கொள்வார். அவர் வந்ததும் தம் கோட்டைக் கழற்றிக் கோல் கம்பத்தில் மாட்டிவிட்டு, பனியனோடு எங்களுக்கு நடுவில் ஓடுவார். எந்தப் பையனுக்காவது உதடு நீலம் பாரித்தால், அவனைத் தனியே கூப்பிட்டு, "சமையற்கட்டுக்குப் போய் அடுப்பண்டை உட்கார். யாராவது கேட்டால் நான் அனுப்பினேன் என்று சொல்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மற்றவர்கள் எதிரில் பேசவே மாட்டார். மைதானம் ஒன்று, குளிர் ஒன்று, பையன்கள் நாங்களே. ஆனால் டிரில் மாஸ்டரிடம் நாங்கள் குளிரைத் தாங்கினோம். கணக்கு வாத்தியாரிடம் ஹாக்கி ஆடினோம்.

எங்கள் வகுப்பில் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து உதவித்தொகையில் வந்த பையன் ஒருவன் இருந்தான். நோஞ்சான். கணக்கில் முதல். ஒரு ஜனவரி மாதத்துக் காலையில் அவனால் மட்டையைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் சிவந்து வீங்கி இருந்தன. நடிக்கிறான் என்று எண்ணி, மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொன்னார்கள். அவனை அதிகமாகப் பரிகாசம் செய்தவன் மேல் வகுப்புப் பையன் ஒருவன். முதல் வருஷத்தில் அவனே படுக்கையில் அழுதவன் என்று ஹாஸ்டல் முழுவதும் தெரியும். பாவம், விட்டுவிடேன் என்று யாரோ சொன்னபோது அவன் சொன்ன பதில் இது: "எனக்கு யார் ஸ்வெட்டர் கொடுத்தார்கள்?"

இந்தப் பதிலைப் பிற்காலத்தில் எத்தனையோ உருவங்களில் கேட்டிருக்கிறேன். மாமியார்களிடம் கேட்டிருக்கிறேன். ஆபீஸ் சூப்பரிண்டெண்டுகளிடம், பெரிய டாக்டர்களிடம், ஏன், எழுத்தாளர்களிடமே கேட்டிருக்கிறேன். இதை வெறும் கொடூரம் என்று தள்ளிவிட முடியாது. உள்ளே ஒரு பயம் இருக்கிறது. புதிதாக வந்தவனுக்கு ஸ்வெட்டர் கொடுத்துவிடலாம் என்றால், அன்றைக்கு எனக்கும் கொடுத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் நான் அழுத அழுகை அவசியமில்லாத அழுகை. அதை ஒப்புக்கொள்வது எளிதல்ல. அதைவிட, அந்தக் குளிர்தான் என்னை ஆளாக்கிற்று என்று நம்புவது சுகம். நம்பிக்கையை நிலைநாட்ட இன்னொருவனும் நடுங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த ராமநாதபுரத்துப் பையன் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வரவில்லை. பதிவேட்டில் 'உடல் நலக் குறைவு' என்று எழுதினார்கள்.

"எல்லோருக்கும் ஒரே குளிர்தானே" என்று அன்று சொன்னார்கள். இது பார்வைக்கு நியாயம்போல் தோன்றும், உண்மையில் பொய். தெர்மாமீட்டர் காட்டுவது காற்றின் குளிரை; மனிதனுடைய குளிரை அல்ல. குளிரும்போது உடம்பு நடுங்குவது தசைகளை வேலை வாங்கிச் சூடு உண்டாக்குவதற்காக. அதற்கு எரிபொருள் சாப்பாடு. கொழுப்புப் போர்வை இல்லாத ஒல்லியான உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கிறது. சிறிய உடம்பில் எடையைப் பார்க்கத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே குழந்தை பெரியவனைவிட விரைவில் குளிர்ந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. குளிர் கடுமையாகும்போது உடம்பு, இருதயத்தையும் மற்ற உள்ளுறுப்புகளையும் காப்பாற்றுவதற்காக, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. நடுவில் இருப்பது பிழைக்க, ஓரத்தில் இருப்பது மரத்துப்போகிறது. உடம்பு இப்படிச் செய்வதற்கு வேறு வழி இல்லை. சமூகமும் இதையே செய்கிறதே, அதற்குமா வேறு வழி இல்லை?

படிப்பு முடிந்து, 1982-ல், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாகச் சில காலம் இருந்தேன். காலையில் ஆட்களின் பேர் எழுதுவதும், கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கு வைப்பதும் என் வேலை. உறைபனி விழுந்த இரவுக்கு மறுநாள் தோட்டத்தைப் பார்த்தால் நெருப்பு வைத்ததுபோல் இருக்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, திசு கிழிந்து, வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் கருகிவிடும். கொழுந்து குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் கூலியும் குறையும். குளிர் அந்தப் பெண்களை இரண்டு முறை தாக்கியது. காலையில் விரலில், சம்பள நாளில் மடியில். பள்ளியில் எங்களுக்கு இரண்டாம் மணி ஒன்று இருந்தது. அவர்களுக்கு அது இல்லை.

அவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்து இங்கே அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு செய்த தீர்மானம் அல்ல அது. அப்படி வந்த குடும்பங்களில் ஆயிரக்கணக்கானவை நீலகிரியில் குடியேறின. நுவரெலியாவின் குளிரில் பிறந்து, நீலகிரியின் குளிருக்குக் கப்பலும் ரயிலும் ஏறி வந்தவர்கள். வந்த இடத்திலும் அவர்களுக்குக் கிடைத்தது, பெரும்பாலும், பள்ளத்தில் இருந்த லைன் வீடுகள்தாம்.

1951-ல் நம் பார்லிமெண்ட் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளர்களைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில சர்க்கார் விதி செய்யலாம் என்றது அது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் கம்பளியை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கம்பளிக் கட்டுகள் பிரிக்கப்படாமல் ஸ்டோரிலேயே கிடந்தன. டவுன் ஆபீஸிலிருந்து ஏதோ ஒரு கடிதம் வர வேண்டியிருந்ததாம். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே இறங்கினார்கள்.

ஒரு நாள் காலை, பேர் எழுதும் இடத்துக்கு மானேஜர் வந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். விருந்தாளி அந்தப் பெண்களைப் பார்த்து இரக்கப்பட்டபோது, மானேஜர் சகஜமாக, "அவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று" என்றார். வரிசையில் முன்னால் நின்றது அறுபது வயதை நெருங்கிய ஒரு கிழவி. அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "குளிரு பழகுமாங்க ஐயா? பழகலீங்க. சொல்றதைத்தான் விட்டுட்டோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மானேஜர் ஸ்டோர் சாவியைக் கேட்டு வாங்கினார். அன்று சாயங்காலமே கம்பளிகள் கொடுக்கப்பட்டன. கடிதத்தை யாரும் அப்புறம் தேடவில்லை. அந்தக் கிழவியின் ஒரு வாக்கியத்தில் இருந்ததை நான் படித்த தத்துவ நூல்கள் பலவற்றில் காணவில்லை. பொறுமை என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு, வெறும் மௌனம்? எவ்வளவு பேர் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள், எவ்வளவு பேர் சொல்லி அலுத்தவர்கள்? வெளியில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்படியானால் தாங்குவதில் மகிமையே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. 1911-ம் வருஷம், தென் துருவத்தின் நடுக்குளிர்கால இருட்டில், எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட் என்ற மூன்று பேர், பெங்குவின் முட்டைகளைத் தேடி ஐந்து வாரம் நடந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரையில் குளிர். அவர்கள் கொண்டுவந்தது மூன்று முட்டைகள். அடுத்த வருஷம் வில்சனும் பவர்ஸும் காப்டன் ஸ்காட்டோடு பனியிலேயே மடிந்தார்கள். மிஞ்சிய செர்ரி-காரார்ட் 1922-ல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 'உலகத்திலேயே மிக மோசமான பயணம்' என்பது அதன் பெயர். என்னைக் கவர்ந்தது அந்தப் பெயர். விரும்பிப் போனவர், பொறுத்தவர், பெருமைப்பட எல்லா உரிமையும் உள்ளவர். அவரே அதை இனிமையாக்கிக் காட்டவில்லை. மோசமானதை மோசம் என்றார். உண்மையாகத் தாங்கியவர்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்கழி விடியலில் ஆற்றில் முழுகி எழுகிற பெண்ணுக்கும் குளிருகிறது. ஆனால் அந்தக் குளிர் அவளுடையது. அவள் கேட்டு வாங்கிக்கொண்டது. வேண்டாம் என்றால் நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம். கொழுந்து பறிக்கிறவளுக்கு நிறுத்திக்கொள்ள முடியாது. விரதத்துக்கும் பட்டினிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் இந்த இரண்டு குளிருக்கும். விரதம் இருந்தவன் பட்டினி கிடப்பவனிடம் போய், "பசி நல்லது" என்று உபதேசம் செய்தால் என்ன சொல்லுவோம்?

நம் பழைய இலக்கியத்தில் குளிருக்கு நல்ல இடம் உண்டு. மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த பேகனை எல்லோருக்கும் தெரியும். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான்; அவள் துயரத்தை எடுத்துச் சொல்லி, அவளிடம் திரும்பிப் போகும்படி கபிலரும் பரணரும் மற்றப் புலவர்களும் பாட வேண்டியிருந்தது என்பதையும் புறநானூறு மறைக்கவில்லை. காட்டு மயிலின் குளிர் கண்ணில் பட்ட வள்ளலுக்கே வீட்டில் இருந்தவளின் குளிர் படவில்லை. உதகையின் தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடிப் பாதுகாக்கிறார்கள். நல்ல காரியம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேகனின் நினைவு வரும்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் இன்னோர் அரசன் வருகிறான். வாடைக் காற்றும் தூறலுமாக இருக்கிற நள்ளிரவில், அவன் பாசறையில் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவன் போனதால் குளிர் குறைந்துவிடாது. ஆனால் அவன் அதற்குள் இறங்கி வந்திருக்கிறான். கோட்டைக் கழற்றிக் கோல் கம்பத்தில் மாட்டிய எங்கள் கணக்கு வாத்தியார் அந்த அரசனின் இனம்.

பிள்ளைகளைப் பஞ்சில் பொதிந்து வளர்க்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. குளிரைப் பழக்குங்கள், ஆனால் பழக்குகிறவர் தாமும் கோட்டைக் கழற்றட்டும். எதற்காக என்பது பையனுக்குத் தெரியட்டும். முடியாதவன் அவமானமில்லாமல் அடுப்பண்டை போக வழி இருக்கட்டும். முடிவில் கஞ்சி காத்திருக்கட்டும். இவை இருந்தால் அது பயிற்சி. இல்லாவிட்டால், எவ்வளவு அழகான பெயரைச் சூட்டினாலும், அது பலவீனன் மேல் பலவான் ஊதுகிற விசில்தான்.

வள்ளுவர் தவத்துக்கு இரண்டு அடையாளங்களைச் சேர்த்தே சொன்னார். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது ஒன்று. பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றொன்று. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் வீட்டிலும் போதித்துவிட்டோம். இரண்டாம் பாதி இல்லாத பொறுமை, கர்வமாகப் புளித்துப்போகிறது. தான் பட்டதையே பிறர் பட வேண்டிய அளவாகக் காட்டிக்கொண்டு திரிகிறது.

தாங்கியவனுக்கு ஒரு விசேஷ உரிமை உண்டென்றால், அது தீர்ப்புச் சொல்லும் உரிமை அல்ல. முதலில் அடையாளம் கண்டுகொள்ளும் உரிமை. உதடு எப்போது நீலம் பாரிக்கும், விரல் எப்போது மரத்துப்போகும், மௌனம் எப்போது பொறுமை அல்ல என்பதெல்லாம், பட்டவனைவிட யாருக்குத் தெரியும்? அவன் கண்ணில் படாவிட்டால் வேறு யார் கண்ணிலும் படாது. குளிர் தானாகவே தாழ்ந்த இடத்துக்கு இறங்கிவிடும், அது இயற்கை. கம்பளி அப்படி இறங்காது. அதை யாராவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.